வாசல் அடைக்காத பட்டி

பினாங்கில் ஜெலுத்தோங் சந்தைக்குப் பின்னால் இருக்கும் அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்த் தனலெட்சுமி வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். உதட்டைப் பிதுக்குவார்கள். பட்டி அக்கா வீடு எது என்று கேளுங்கள். கீழே மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் சீனர்கூட ஸ்பேனரை ஐந்தாவது மாடிப் பக்கம் நீட்டுவார். அறுபது தாண்டிய கைம்பெண். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஆயுளில் பாதியைக் கழித்துவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறாள். ஒரே மகன் யுகேந்திரன் ஜொகூரில் வேலை பார்க்கிறான். அவளுடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

பட்டி என்றதும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் உடனே 'எந்தப் பட்டி?' என்பார்கள். அங்கே பட்டி என்று முடிகிற ஊர்களுக்குப் பஞ்சமா என்ன? தனலெட்சுமியின் தாத்தாவும் அப்படி ஏதோ ஒரு பட்டியிலிருந்து கப்பலேறி வந்தவர்தான். ஊர்ப் பெயரின் முன்பாதி அவர் வாயில் வெற்றிலையோடு அரைபட்டுப் போகும். பின்பாதி மட்டும் வெளியே வரும். பிள்ளைகளும் தோண்டித் துருவிக் கேட்கவில்லை. கேட்டு என்ன செய்ய? போய்ப் பார்க்கிற எண்ணம் ஒருவருக்கும் இல்லை.

ஆகவே பட்டி அக்காவின் பட்டி அந்த ஊர் இல்லை. அது இங்கே, இதே பினாங்கில், ஆற்றோரம் இருந்த மாட்டுப் பட்டி. கப்பலில் வந்த மனுசன் நாலு மாடு பிடித்து, கம்பு நட்டு, சுற்றி வேலி கட்டினார். மாட்டைக் காவல் காக்கப் பக்கத்தில் ஒரு குடிசை போட்டார். குடிசைக்குப் பக்கத்தில் இன்னொருவர் குடிசை போட்டார். பத்து வருடத்தில் அங்கே ஒரு கடை, ஒரு வேப்பமரம், மரத்தடியில் ஒரு சூலம். மாடு கட்டிய இடத்துக்குப் பட்டி என்று பேர் இருந்தது. மனுசர் குடியிருந்த இடத்துக்கும் அதுவே பேராகிவிட்டது. நகராட்சியின் வரைபடத்தில் அந்தப் பெயர் ஒருநாளும் ஏறியதில்லை. ஆனால் டாக்சிக்காரர்களுக்குத் தெரியும். இப்போது அந்த இடத்தில் வானத்தை முட்டிக்கொண்டு ஒரு சொகுசு மாடிக் கட்டடம் நிற்கிறது. அதற்கு என்னவோ வாயில் நுழையாத பெயர்.

தனலெட்சுமியின் அப்பா பழனியப்பன் அந்தப் பட்டியின் கடைசிக்காரர். காலையில் பால் கறந்து, சைக்கிளில் டின்களைக் கட்டிக்கொண்டு சூலியா தெரு வரைக்கும் டீக்கடை டீக்கடையாக ஊற்றிவிட்டு வருவார். சாயங்காலம் ஆனால் பட்டி வாசலில் நிற்பார். அது ஒரு காட்சி. ஒவ்வொரு மாடாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே விடுவார். மாடுகள் முடிந்ததும் வீட்டு ஆட்களையும் அதே வரிசையில் கூப்பிடுவார். கூப்பிட்டவர்கள் 'வந்தாச்சு' என்று குரல் கொடுக்க வேண்டும். பெண்டாட்டி அடுப்படியிலிருந்து வந்தாச்சு. மூத்தவள் தனம் பாடப் புத்தகத்தை வைத்துவிட்டு வந்தாச்சு. கடைசியில் சின்னவள் துளசிக்காக மட்டும் ஆற்றுப் பக்கம் திரும்பிக் கையை வாயருகே குவித்து நீட்டி முழக்குவார்.

"வா தாயீ…! வா… தாயி… வா!"

வர அடம்பிடிக்கிற மாட்டையும் அப்படித்தான் கூப்பிடுவார், மகளையும் அப்படித்தான். துளசி மாடு மேய்க்கப் போகிறேன் என்று போவாள். மாடுகள் தானாகத் திரும்பி வந்துவிடும், இவள் வரமாட்டாள். படகில் உட்கார்ந்திருப்பாள், இல்லை யாரோ மீன் காயப்போடுகிற இடத்தில் கதை அளந்துகொண்டிருப்பாள். அப்பாவின் குரல் கேட்டதும் இருந்த இடத்திலிருந்து அசையாமலே "வந்தாச்சு, வந்தாச்சு!" என்று கத்துவாள். அதற்கப்புறம் ஆற அமர எழுந்து வருவாள். "பட்டி மாடு, பட்டி மாடு" என்று அப்பா தலையில் குட்டுவார். அந்தக் குட்டு வலித்ததே இல்லை என்று துளசி சொல்வாள். தனத்துக்கு ஒரு குட்டுகூட விழுந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு.

மாட்டுப் பொங்கலன்று இதையே சாங்கியமாகச் செய்வார்கள். வாசலில் மண்ணும் சாணியும் குழைத்து ஒரு சாண் உயரத்துக்குச் சின்னதாகச் சதுரப் பட்டி கட்டுவார்கள். கிழக்கே ஒரு வாசல் விடுவார்கள். கன்றை அந்த வாசல் வழியாக உள்ளே விட்டு, அப்பா எல்லாரையும் வழக்கம்போலக் கூப்பிடுவார். எல்லாரும் வந்தாச்சு சொல்வார்கள். ஆள் குறையவில்லை என்று தெரிந்ததும் சாணி உருண்டையால் வாசலை அடைத்து, மஞ்சள் தண்ணீரை ஊற்றுவார். தட்டைத் தட்டி, "பட்டி பெருக!" என்று எல்லாரும் கத்த, கன்று மிரண்டு தண்ணீரை மிதித்துக்கொண்டு கரையை உடைத்துப் பாயும். எந்தப் பக்கம் உடைத்தாலும் நல்லதுதான். அப்பாவுக்குக் கெட்ட சகுனம் என்று எதுவும் கிடையாது.

அப்பாவுக்கு முடியாமல் போனதும் துளசி பால் ஊற்றிய டீக்கடைகளில் ஒன்று கமாலுடையது. தினம் பால் ஊற்றப் போனவள் ஒருநாள் அங்கேயே நின்றுவிட்டாள் என்று சொன்னால் ஒரே வரியில் முடிந்துவிடும். நடந்தது அவ்வளவு லேசானதில்லை. முஸ்லிமாக மாறி அவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். கமால் தங்கமான மனுசன் என்று பின்னால் ஊரே சொன்னது. அப்போது யார் காதிலும் அது விழவில்லை. அந்த வருடப் பொங்கலுக்கு அப்பா பட்டி கட்டினார். கன்றை விட்டார். யாரையும் கூப்பிடவில்லை. வாசலை மட்டும் அடைத்தார், அழுத்தி அழுத்தி அடைத்தார். தனலெட்சுமி அப்போது கல்யாணமாகி இந்த மாடி வீட்டுக்கு வந்துவிட்டிருந்தாள். பொங்கலுக்குப் பிறந்த வீடு போனவள் அதைப் பக்கத்தில் நின்று பார்த்தாள். அதன் பிறகு அப்பா வாயிலிருந்து பட்டி மாடு என்ற வார்த்தை வந்ததே இல்லை.

அப்புறம் நிலக்காரர் நிலத்தை விற்றார். மாடுகளும் போயின. அம்மா போனாள். அப்பாவும் போனார். பத்து லஞ்சாங் என்ற இடத்துச் சுடலையில் அப்பாவுக்குக் காரியம் நடந்துகொண்டிருந்தபோது, சாலைக்கு எதிர்ப்புறம் மரத்தடியில் தலையை முக்காடிட்ட ஒரு பெண் குடையோடு நின்றாள். தூரத்திலிருந்தே தனலெட்சுமிக்குத் தெரிந்துவிட்டது. ஒரு காலை ஊன்றி ஒரு காலைத் தளர்த்தி அப்படி நிற்கிற ஆள் உலகத்தில் ஒருத்திதான். ஐயர் இவள் கையில் அரிசியைக் கொடுத்து, எள்ளைக் கொடுத்து, அதைச் சொல்லு இதைச் சொல்லு என்றார். எல்லாம் முடிந்து அவள் தலை நிமிர்ந்தபோது மரம் மட்டும் இருந்தது.

அதற்குப் பிறகாவது போயிருக்கலாம் அல்லவா? நீங்கள் கேட்பீர்கள், நானும் கேட்டேன். துளசி எங்கே இருக்கிறாள், நிலவிலா? டீக்கடையை விட்ட கமாலோடு பாலிக் புலாவில் மாடு வளர்த்துக்கொண்டு இருக்கிறாள். இதே தீவு. ஒரு மலையைச் சுற்றிக்கொண்டு போனால் முடிந்தது. ஜொகூரில் இருக்கிற மகனைப் பார்க்கத் தீவை விட்டுப் பட்டர்வொர்த் போய், அங்கிருந்து நாள் முழுக்க ரயிலில் உட்கார்ந்து போகத் தெரிகிறது, இங்கே இருக்கிற பாலிக் புலாவுக்குப் பஸ் ஏறத் தெரியவில்லை. ஆனால் நம்மவர்களின் வீம்பு அப்படி. போனவள்தான் முதலில் வர வேண்டும் என்று இவள் நினைத்தாள். பிறந்த வீடுதான் முதலில் கூப்பிட வேண்டும் என்று அவள் நினைத்திருப்பாள். முறைப்படி பார்த்தால் இரண்டு பேர் பக்கமும் நியாயம்தான். அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் கிழவிகள் ஆனதுதான் மிச்சம்.

தனலெட்சுமி ஒன்று மட்டும் செய்தாள். ஒவ்வொரு வருடமும் மாட்டுப் பொங்கலுக்கு, ஐந்தாவது மாடி நடைபாதையில் பெரிய தாம்பாளத்துக்குள் ஒரு பட்டி கட்டினாள். பூச்செடிக் கடையில் வாங்கிய செம்மண்தான், சாணிக்கு எங்கே போவது? கன்றும் இல்லை. ஒரு வருடம் பக்கத்து வீட்டு நோர்மாவின் பூனை வந்து மிதித்துவிட்டுப் போனது. தனலெட்சுமி அதற்கும் ஒரு பொட்டு வைத்து அனுப்பினாள். எல்லாம் அப்பா செய்தபடியே செய்வாள். ஒன்றைத் தவிர. வாசலை அடைக்க மாட்டாள். அடைக்காத பட்டியில் தண்ணீர் எப்படி நிற்கும்? தாம்பாளத்தின் விளிம்பு வழிந்து, நடைபாதையில் ஓடி, நாலாவது மாடியில் காயப்போட்ட துணியில் மஞ்சளாகச் சொட்டும். கீழே இருப்பவர்கள் வருடா வருடம் மேலே வந்து சண்டை போடுவார்கள். நோர்மா துடைப்பத்தோடு வந்து, எதற்கு இப்படி வேலை மெனக்கெட்டுத் தண்ணீரை ஓட விடுகிறாய், அந்த ஓட்டையை அடைத்துத் தொலையேன் என்பாள்.

"ஆள் ஒண்ணு குறையுது, நோர்மா" என்பாள் இவள் மலாயில். நோர்மாவுக்கு இது புரிந்த வருடம் முதல், ஒன்றும் கேட்காமல் துடைத்துக் கொடுத்தாள்.

இந்த வருடம்தான் கதை மாறியது. மாடி வீட்டுச் சங்கத்துக்குப் புதிதாக வந்த செயலாளர் மோகனராஜ் தொழிற்சாலையில் டெக்னீஷியன். ஆனால் அகராதி என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் அவனுக்கு. கீழே பூப்பந்து விளையாடும் இடத்தில் நிஜப் பட்டி கட்டி, நிஜக் கன்று விட்டுப் பொங்கல் வைக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு மேலே வந்தான்.

"அக்கா, நீங்கதான் முன்னால நின்னு செய்யணும். நான் மேடையில பட்டிங்கிற சொல்ல பத்தி ஒரு அஞ்சு நிமிசம் பேசுறேன். கேளுங்க, சரியா இருக்கான்னு சொல்லுங்க லா."

"எனக்கென்ன தம்பி தெரியும்? சொல்லு."

"மாட்டை அடைக்கிற இடம் பட்டி. 'படு'ங்கிற சொல்லுலேருந்து வந்திருக்கலாமாம், மாடு படுக்கிற இடம். நிச்சயமா ஒண்ணும் சொல்ல முடியாது. அப்புறம் மாட்டுக்குப் பக்கத்துல மனுசன் படுத்தான், ஊருக்கும் அதே பேரு."

"எங்க தாத்தா கதை மாதிரியே இருக்கு."

"அடுத்தவன் வயல்ல மேஞ்ச மாட்டைப் புடிச்சு அடைக்கிற இடத்துக்கும் பட்டின்னுதான் பேரு. இதக் கேளுங்க, அதுதான் வேடிக்கை. அடங்காம திரியிற மாட்டுக்கும் பட்டி மாடுன்னுதான் பேரு! வேலிக்குள்ள இருக்கிறதும் பட்டி, வேலிய தாண்டிப் போனதும் பட்டி. ஒரே பேரு. எப்படின்னு அகராதியில இல்ல."

அவனுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்த தனலெட்சுமியின் கை நின்றது. எத்தனையோ வருடமாகக் காதில் விழாத வார்த்தை. அப்பாவின் விரல் முட்டி தங்கையின் தலையில் விழும் ஓசையோடு சேர்ந்து வந்தது. அவனுக்கு முன்னால் அழக்கூடாது என்று சர்க்கரை எடுக்கப் போவதுபோல உள்ளே போனாள். போன பிறகும் மோகனராஜ் பேசிக்கொண்டேதான் இருந்தான்.

"கன்னு கிடைச்சிருச்சுக்கா. பாலிக் புலாவ்ல கமால் நானான்னு ஒரு மாட்டுக்காரர். ரொம்ப நல்ல மாதிரி. ஜெலுத்தோங்ல பட்டி அக்கான்னு ஒருத்தவங்கதான் செய்றாங்கன்னு சொன்னேன். பேர ரெண்டு தடவ கேட்டாரு. அப்புறம், கண்டிப்பா கொண்டாறேன், காசெல்லாம் வேணாம்னுட்டாரு."

சர்க்கரை டப்பா கையிலிருந்து நழுவி விழுந்தது.

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கமால் வருவான். துளசி வருவாளா? வந்தால் இத்தனை வருடத்து ஆற்றாமை தீரும். வராவிட்டால் அவ்வளவுதான், அப்பா அடைத்த வாசல் அடைத்ததுதான் என்று ஆகிவிடும். இனி இன்னொரு தருணம் எங்கே வரப்போகிறது? இரண்டு பேருக்கும் முழங்கால் தேய்ந்துகொண்டு போகிறது. கமாலின் எண் மோகனராஜிடம் இருந்தது. வாங்கியும் வைத்துக்கொண்டாள். நோர்மாகூடத் தலையில் அடித்துக்கொண்டு, "தெலிபோன் பண்ணு லா, காக்!" என்று மலாயில் அக்கா முறை வைத்துச் சொன்னாள். ஆனால் பிறந்த வீட்டு அழைப்பை யாராவது தெலிபோனில் செய்வார்களா? வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அல்லவா கூப்பிட வேண்டும்?

நேரில் போகத்தான் கிளம்பினாள், அதையும் சொல்லிவிடுகிறேன். பொங்கலுக்கு முந்திய வாரம் ஒரு சேலை, சீப்பு வாழைப்பழம், மஞ்சள் கொத்து, வெற்றிலை பாக்கு எல்லாவற்றையும் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். மலைப்பாதையில் வளைந்து வளைந்து போகையில் டுரியான் தோட்டங்களுக்கு நடுவே எங்கோ மாட்டுச் சாணி வாடை வந்தது. மற்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். இவள் ஜன்னலைத் திறக்க முடியுமா என்று பார்த்தாள்.

பாலிக் புலாவ் சந்தை முனையில் இறங்கினாள். ஜாதிக்காய்த் தண்ணீர் ஒரு கோப்பை வாங்கிக் குடித்தாள். கடைக்காரப் பெண்ணிடம் விசாரிக்கலாம் என்று வாயைத் திறந்தவளுக்கு ஒரு யோசனை குறுக்கே வந்தது. யாரென்று கேட்பது? துளசி என்றால் இங்கே யாருக்குத் தெரியும்? அவளுக்கு இப்போது வேறு பெயர். அந்தப் பெயர் என்ன என்று இத்தனை காலத்தில் ஒருநாளாவது கேட்டு வைத்துக்கொண்டாளா? கூடப் பிறந்தவளின் பெயர் தெரியாமல் சீர்ப் பையோடு சந்தையில் நிற்கிற அக்கா! வெட்கம் பிடுங்கித் தின்றது. கமால் வீடு எது என்று கேட்டிருக்கலாம். அது அப்போது தோன்றவே இல்லை. வீட்டு வாசலில் போய் நின்றால் மட்டும் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது? பழைய பெயரைச் சொன்னால் அவள் வாழ்க்கையை ஏற்றுக்கொள்ளாதது மாதிரி. புதுப் பெயரைச் சொன்னால் அப்பா வைத்த பேரை அழித்த மாதிரி. கோப்பையில் ஐஸ் கரைகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். பிறகு வந்த பஸ்ஸிலேயே ஏறித் திரும்பிவிட்டாள். வாழைப்பழத்தை நோர்மா வீட்டில் கொடுத்தாள். சேலையைப் பீரோவில் வைத்தாள்.

சங்கத்துப் பொங்கல் ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்தே பூப்பந்துத் தளத்தில் உறுமி மேளம் அதிர்ந்தது. மோகனராஜ் நாலு பேரை வைத்து நிஜமான பட்டி கட்டியிருந்தான், நிஜமான சாணியில். தனலெட்சுமி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கரையைத் தடவி மெழுகினாள். கிழக்கே வாசல் விட்டாள்.

"இந்த வருசமாவது வாசல அடைங்கக்கா" என்றான் மோகனராஜ் கெஞ்சலாக. "தண்ணி நின்னாத்தான் பார்க்க நல்லா இருக்கும். வீடியோ புடிக்கிறோம்."

"பார்க்கலாம் தம்பி" என்றாள். சாணி உருண்டை கையில் தயாராக இருந்தது. கண் சாலையிலேயே இருந்தது.

நீல நிற லோரி ஒன்று வந்து, சந்தைச் சுவரோரம் கொஞ்சம் தள்ளி நின்றது. நரைத்த தாடியோடு இறங்கியவர் கமால். பின்பக்கக் கதவைத் திறந்து, சிவப்பு நிறக் கிடாரிக் கன்று ஒன்றை இறக்கினார். கூடவே இறங்கிக் கயிற்றைப் பிடித்தது ஒரு இளம்பெண், இருபத்தேழு வயசிருக்கும். ரப்பர் பூட்ஸ், தலையில் தூடோங் முக்காடு. தனலெட்சுமி அவர்களுக்குப் பின்னால் பார்த்தாள். வேறு யாரும் இறங்கவில்லை. லோரியின் முன் கண்ணாடியில் வெயில் அடித்து உள்ளே ஒன்றும் தெரியவில்லை.

கமால் பக்கத்தில் வந்து, "நல்லா இருக்கீங்களா?" என்றார். மகளைக் காட்டி, "ஷாஹிரா" என்றார். தனலெட்சுமி தலையை ஆட்டினாள். வரவில்லை, வரவில்லை, அவள் வரவில்லை என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டே இருந்தது. இனி இந்த உருண்டையால் வாசலை அடைத்துவிட வேண்டியதுதான். யாருக்காகத் திறந்து வைப்பது?

கன்று பட்டிக்குள் போக மறுத்தது. மேளம், கைத்தட்டல், முகத்துக்கு நேரே நீட்டிய இருபது போன்கள். பாவம், அது என்ன செய்யும்? காலை ஊன்றி நின்றுகொண்டது. மோகனராஜ் பின்னாலிருந்து தள்ளிப் பார்த்தான். ஒருவர் கரும்புத் தோகையை ஆட்டிக் காட்டினார். ஷாஹிரா எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பட்டியின் மறுபக்கம் போய் நின்றாள். கையை வாயருகே குவித்தாள்.

"வா தாயீ…! வா… தாயி… வா!"

தனலெட்சுமி நிமிர்ந்து பார்த்தாள். அதே இழுப்பு. அதே இடத்தில் ஏறி, அதே இடத்தில் இறங்குகிற குரல். ஆற்றோரம் நின்று அப்பா கூப்பிட்ட குரல், அவரைப் பார்த்தே இராத ஒரு பெண்ணின் தொண்டையிலிருந்து வந்தது. கன்று காதை ஆட்டிக்கொண்டு சமர்த்தாக வாசல் வழியே உள்ளே போனது.

"இப்படிக் கூப்பிட உனக்கு யாரும்மா சொல்லிக் குடுத்தா?" என்றாள் தனலெட்சுமி.

"உம்மாதான். எங்க வீட்டுல மாட்டை இப்படித்தான் கூப்புடுவாங்க. என்னையும் இப்படித்தான் கூப்புடுவாங்க." அவள் தயங்கி, லோரிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "வந்திருக்காங்க பெரியம்மா. லோரிலதான் உக்காந்திருக்காங்க. பொறந்த வீட்டுல கூப்புட்டாதான் இறங்குவேன்னு ஒரே அடம். காலையிலேருந்து இதே பேச்சு லா. நீங்க கூப்புடுங்களேன்."

பெரியம்மா என்று அந்தப் பெண் சொன்னதிலேயே தனலெட்சுமிக்குக் கண் மறைத்தது. வெற்றிலை பாக்கு கையில் இல்லை. சேலை ஐந்தாவது மாடிப் பீரோவில் இருக்கிறது. கையில் இருந்தது சாணி உருண்டை ஒன்றுதான். மேளக்காரனைப் பார்த்து நிறுத்தச் சொல்லிக் கை காட்டினாள். பட்டி வாசலில் அப்பா நிற்கிற மாதிரியே நின்றாள். எந்தப் பேரைச் சொல்வது என்று சந்தையில் அப்படித் தவித்தாளே, இப்போது யோசிக்கவே இல்லை. அப்பா அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லையே!

"வா தாயீ…!"

குரல் பாதியில் உடைந்தது. பட்டிக்குள் நின்ற கன்றுதான் முதலில் திரும்பிப் பார்த்தது. சிலர் சிரித்தார்கள். அவள் மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடியும், இந்தத் தடவை நீட்டி முழக்கிக் கூப்பிட்டாள்.

"வா… தாயி… வா!"

லோரிக்குள்ளிருந்து, கதவு திறப்பதற்கு முன்னாலேயே, பதில் வந்தது.

"வந்தாச்சு, வந்தாச்சு!"

அதற்கப்புறம்தான் கதவு திறந்தது. அதற்கப்புறம்தான் ஒரு கால் கீழே வந்தது. துளசி பருத்திருந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து, ஆற அமர வந்தாள். நடை அப்பா நடையாக மாறியிருந்தது. அக்காவுக்கு எதிரே வந்து நின்று முக்காட்டுத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"கூப்புட இத்தன வருசமாக்கா?"

"நீ வந்திருக்கக் கூடாதா?"

"கூப்புடாத வீட்டுக்கு எப்படி வர்றது?"

"பொறந்த வீடுடி அது!"

"அதனாலதான் கூப்புடணும்."

முப்பது வருடத்துச் சண்டையும் நாலே வார்த்தையில் முடிந்துவிட்டது. யார் ஜெயித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் அழுதார்கள், கட்டிக்கொள்ளவில்லை; அந்த வீட்டில் அப்படிப் பழக்கம் இல்லை. தனலெட்சுமி சாணி இல்லாத கையால் தங்கையின் தலையில் ஒரு குட்டு வைத்தாள். வலித்திருக்காது.

"அக்கா, அப்புறம் பேசிக்கலாம் லா" என்று மோகனராஜ் வாளியோடு வந்தான். "ஆள் எல்லாம் வந்தாச்சு. வாசல அடைங்க, தண்ணி ஊத்துறேன்."

ஆமாம், வந்தாச்சு. இதற்காகத்தானே திறந்து வைத்தது? தனலெட்சுமி குனிந்து உருண்டையை வாசலில் வைக்கப் போனாள். துளசி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அடைக்காதக்கா."

"ஏன்டி?"

"சாயங்காலம் நான் போவணும். அங்க மாடு காத்துக்கிட்டு இருக்கும்."

தனலெட்சுமிக்குச் சுருக்கென்றது. வந்தவள் இருந்துவிடப் போவதாக அவள் என்ன நினைத்தாளோ, அவளுக்கே தெரியவில்லை. தங்கையின் வீடு மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அங்கே சாயங்காலம் ஒரு பட்டி வாசலில் நின்று அவள் கூப்பிட வேண்டும். அவளை அடைத்து வைக்க இங்கே வேலி ஏது? உருண்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"அடுத்த வருசம்?" என்றாள்.

"கூப்புடு."

"என்ன பேரு சொல்லி? இப்ப உன் பேரு என்னடி?"

"ஹபீபா." துளசி சிரித்தாள். "நீ இப்ப கூப்புட்டியே, அப்படியே கூப்புடு. அதுக்குத்தான் நான் இறங்கினேன்."

மோகனராஜ் தலையில் கை வைத்துக்கொண்டான். வேறு வழியில்லாமல் மஞ்சள் தண்ணீரை அப்படியே ஊற்றினான். தட்டுகள் முழங்க, "பட்டி பெருக!" என்று எல்லாரும் கத்தினார்கள். கன்று கரையை உடைக்கவில்லை. திறந்திருந்த வாசல் வழியாகவே தண்ணீரை மிதித்துக்கொண்டு வெளியே வந்து, துளசியின் பின்னால் போய் நின்றுகொண்டது. தண்ணீரும் அதன் கூடவே ஓடி வந்து தளமெங்கும் பரவியது. பிள்ளைகள் குதித்தார்கள். வீடியோ எடுத்தவர்கள் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அக்காவும் தங்கையும் நகரவில்லை. கால் நனைய அதே இடத்தில் நின்றார்கள். பழக்க தோஷத்தில் நோர்மா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். துடைக்காமலே திரும்பிப் போனாள்.